கைகளின் நேர்த்திக்கடன்

புரட்டாசி அமாவாசை கழிந்து நவராத்திரி தொடங்கும் நாளில், தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை ஊராகிய குலசேகரன்பட்டினத்தில் கொடியேறுகிறது. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரச் சாலையை ஒட்டி எழுந்தருளியிருக்கும் அருள்மிகு முத்தாரம்மன் திருக்கோயிலின் தசரா விழா அன்று தொடங்கி, பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடைபெறும் மகிஷாசுர சம்ஹாரத்தில் நிறைவின் உச்சியை அடைகிறது. கருவறையில் அம்பாள், ஞானமூர்த்தீஸ்வரருடன் ஒரே பீடத்தில் அமர்ந்து அருள்பாலிப்பதைத் தரிசித்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறப்பதில்லை. அதைப் போலவே மறக்க இயலாத மற்றொன்று, வீதியெங்கும் நிறைந்து வரும் வேடங்கள். காளி, அனுமன், சிங்கம், கரடி, குரங்கு, அரசன், குறவன், குறத்தி, யாசகன் எனப் பல்லாயிரவர் தம் பெயரையும் பதவியையும் வீட்டில் வைத்துவிட்டு, வேறோர் உருவாகி அன்னையின் சந்நிதிக்கு வருகின்றனர்.

இந்த வேடங்களைப் பற்றி நம் இதழ்களில் பலமுறை படித்திருப்பீர்கள். விரத முறைகளையும், தல வரலாற்றையும், சம்ஹாரக் காட்சியையும் பலர் சிறப்பாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த அனுமனின் வால் எங்கே, யாரால், எப்படிச் செய்யப்பட்டது? அந்தச் சிங்கத்தின் முகம் எதனால் ஆனது? விழாவுக்கு முந்தைய வாரங்களில் வீட்டுத் திண்ணைகளில் நிகழும் அந்த வேலை குறித்து எழுதியவர் சிலரே. வங்கிப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்ற அடியேன், அந்தத் திண்ணைகளில் அமர்ந்து பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இதைப் படிக்கும் பெரியோர்களுக்கு இதில் ஒரு வேண்டுகோளும் உண்டு. அதைக் கட்டுரையின் நிறைவில் வைக்கிறேன்.

வேடம் என்பது என்ன?

நோய் தீர்ந்தால், குழந்தை பிறந்தால், பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்ந்தால் வேடம் அணிந்து வருகிறேன் என்று அன்னையிடம் வேண்டிக்கொள்வது இப்பகுதியின் வழக்கம். காளி வேடம் பூணுவோர் 48 நாள், 41 நாள் எனக் கடுமையாக விரதம் காக்கின்றனர். ஊரின் ஒதுக்குப்புறத்தில் குடில் அமைத்து, தம் கையாலேயே சமைத்து, ஒரு வேளை உணவுடன் இருப்போரும் உண்டு. ஏனைய வேடங்களுக்கு 21 நாள், 11 நாள் என அவரவர் வேண்டுதலுக்கேற்ப விரதம் அமைகிறது. கொடியேற்றம் ஆனபின் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு, அதன் பிறகே வேடம் அணிவர்.

வேடம் அணிந்தவர் வீடுவீடாகச் சென்று காணிக்கை பெற வேண்டும் என்பது இவ்வழிபாட்டின் உயிர்நாடி. ஊரில் பெருந்தனக்காரராக இருப்பவரும் பிறர் வாசலில் நின்று கையேந்துகிறார். அவ்வாறு பெற்றதை அன்னையின் உண்டியலில் சேர்க்கிறார். பணியில் இருந்த நாளில், தசராக் காலத்தில் எங்கள் கிளைக்கு வரும் ரூபாய்த் தாள்களில் சிவப்புச் சாயமும் மஞ்சளும் படிந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அணிந்தவரின் கைச்சாயம் அது. எண்ணும்போது என் விரல்களிலும் அது ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாள்களை எண்ணும் வேளையில் காசாளர்கள் வீண்பேச்சு பேசியதில்லை.

கடையில் வாங்கலாமே?

இன்று உடன்குடி, குலசேகரன்பட்டினம் முதலிய ஊர்களின் கடைகளில் சடைமுடி, கிரீடம், கண்மலர், வீரப்பல், நெற்றிப்பட்டை, சூலாயுதம் என எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றைச் செய்பவர்களும் பக்தியோடு செய்பவர்களே. அத்தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. வாங்குவதில் பிழையேதும் இல்லை. காளியின் கிரீடத்தையும் பல கரங்களையும் போன்ற பெரிய அங்கங்களைக் கைதேர்ந்தவர்களிடம் செய்துகொள்வதே பாதுகாப்பும் ஆகும்.

ஆயினும் விலங்கு வேடங்கள் நெடுங்காலமாக வீட்டுக் கைவேலையாகவே இருந்துவந்தன. குரங்கு, கரடி, சிங்கம் ஆகியவற்றுக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் வீட்டிலும் தோட்டத்திலும் கிடைத்தன. பழைய வேட்டி, தேங்காய் நார், சணல், பனை நார், பழைய நாளிதழ், புளியங்கொட்டை இவ்வளவுதான். பிளாஸ்டிக் முகமூடி வந்தபின் இக்கைவேலை குறைந்து வருகிறது. அதனோடு கூடவே வேறொன்றும் குறைகிறது. விரத நாள்களில் குடும்பம் முழுவதும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரே நினைவாய் இருந்த பொழுதுகள்தாம் அவை. வாங்கிய முகமூடி ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடும். செய்த முகமூடிக்குப் பத்து நாள் வேண்டும். அந்தப் பத்து நாளும் வேண்டுதல் மனத்தில் இருந்துகொண்டே இருக்கிறது.

அனுமனின் வால்

வேடங்களில் பார்வைக்கு எளியதும் செய்வதற்குக் கடினமானதும் வால்தான். நான் அறிந்த தையற்கலைஞர் ஒருவர், வயது எழுபத்தெட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அனுமன் வேடம் அணிந்தவர். முழங்கால் மூட்டு தேய்ந்துபோனபின் நடந்து காணிக்கை எடுக்க இயலவில்லை. முதல் ஆண்டு, தசராக் குழுவின் மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டபோது வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாராம். மறு ஆண்டு பக்கத்து வீட்டுச் சிறுவனுக்காக ஒரு வால் தைத்துக் கொடுத்தார். அதன்பின் ஆண்டுதோறும் நாலைந்து பிள்ளைகளுக்குத் தைக்கிறார். கூலி வாங்குவதில்லை.

"கால் போனா என்ன தம்பி? கை இருக்குல்லா? நடக்கது அந்தப் பிள்ளைக நடக்கட்டும். வாலு என்னோடது" என்றார் என்னிடம்.

அவர் சொன்ன முறை இது. முதலில், அணியப்போகும் பிள்ளையை நிற்கவைத்து, இடுப்பிலிருந்து தலையுச்சி வரை கயிற்றால் அளக்க வேண்டும். அனுமனின் வால் கீழே தொங்குவதன்று. பின்னால் எழுந்து தலைக்கு மேல் வளைந்து நிற்பது. எனவே அந்த அளவைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் தேவை. அதற்கேற்ப ஒரு மெல்லிய பிரம்பை எடுத்து, நீரில் ஊறவைத்து, வளைத்துக் கட்டிக் காயவைத்தால் வளைவு நிலைத்துவிடும். பழைய பருத்திச் சேலையைக் குழாய் போல் தைத்து, பிரம்பை நடுவே வைத்து, சுற்றிலும் பஞ்சையோ உதிர்த்த தேங்காய் நாரையோ அடைக்க வேண்டும். அடியில் தடிப்பாகவும் நுனிக்குப் போகப்போக மெலிதாகவும் இருப்பது அழகு. அதைவிட, நுனி கனத்தால் வால் பின்னால் இழுக்கும். பிள்ளையின் முதுகு வலிக்கும்.

வாலைத் தைப்பதினும் அதைப் பொருத்துவதே நுட்பம். வால் முழுவதும் ஓரிடத்தில் தொங்கினால் பத்தடி நடப்பதற்குள் சரிந்துவிடும். ஆகவே நான்கு விரல் அகலமுள்ள தடித்த துணிப்பட்டையில் வாலின் அடியைத் தைத்து, அப்பட்டையை இடுப்பில் கட்டி, அதிலிருந்து இரண்டு பட்டைகளைத் தோளின் மேல் கொண்டுவந்து மார்பில் குறுக்காக முடிய வேண்டும். பாரம் இடுப்பிலும் தோளிலும் சமமாகப் பகிர்ந்துவிடும். மார்பின் குறுக்கே வரும் பட்டையை மறைக்கவே துளசி மாலையும் பதக்கமும் இடப்படுகின்றன என்று அவர் சொன்னபோது, இத்தனை ஆண்டுகள் அதை வெறும் அலங்காரமாகவே பார்த்துவந்த நான் வியந்தேன்.

தைக்கும் நாள்களில் அவர் வீட்டில் புலால் இல்லை. குளித்து, நெற்றியில் நீறணிந்து, விளக்கேற்றிய பிறகே ஊசியைத் தொடுகிறார். இரண்டாண்டுகளாக அவர் கை சற்று நடுங்குகிறது. ஊசியில் நூல் கோக்க இயலவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அருகில் அமர்ந்து கோத்துக் கொடுக்கிறாள். சென்ற ஆண்டு நுனிப் பகுதியின் தையல் முழுவதும் அவளுடையது. தாத்தாவின் தையல் இரண்டு நூல் இடைவெளியில் ஒழுங்காகச் செல்ல, அவளுடையது சற்றே கோணிச் சென்றது. பிரித்துத் தைக்கும்படி அவர் சொல்லவில்லை.

சிங்கத்தின் முகம்

முகமூடி செய்வதற்குப் பொறுமை வேண்டும். முதலில் பலகையின் மேல் களிமண்ணால் முகத்தை வனைய வேண்டும். அணிபவரின் நெற்றி முதல் மோவாய் வரையும், ஒரு காதிலிருந்து மறு காது வரையும் நூலால் அளந்து, இருபுறமும் ஒரு விரற்கடை கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். காகிதம் உலரும்போது சற்றுச் சுருங்கும். சிங்கத்துக்குப் புருவமேடும் கன்னமும் புடைத்திருக்கட்டும். நுணுக்கமான கோடுகளைக் களிமண்ணில் இட வேண்டாம். அவை காகிதத்தில் மறைந்துபோகும். அவற்றை வண்ணத்தால் தீட்டிக்கொள்ளலாம்.

களிமண் சற்று இறுகியதும் அதன்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். காகிதம் மண்ணோடு ஒட்டாமல் எளிதில் கழன்று வருவதற்கு இந்த உபாயம். முதல் அடுக்குக் காகிதத்தை வெறும் நீரில் நனைத்து ஒட்ட வேண்டும். இரண்டாம் அடுக்கிலிருந்துதான் பசை. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, நீர் சேர்த்துக் கூழாகக் காய்ச்சினால் உறுதியான பசை கிடைக்கும். நம் முன்னோர் பொம்மைக்கும் ஓவியப் பலகைக்கும் பயன்படுத்திய பசை இதுதான். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் இதில் மயில்துத்தம் கலப்பர். சுவரில் மாட்டும் பொம்மைக்கு அது பொருந்தலாம். முகத்தில் அணிவதற்கு ஒருபோதும் கூடாது. அது நஞ்சு.

நாளிதழை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் ஒட்ட வேண்டும். கத்தரித்த விளிம்பைவிடக் கையால் கிழித்த விளிம்பு நன்றாகப் படியும். எட்டு அடுக்கேனும் வேண்டும். அடுக்குக் கணக்குத் தவறாமலிருக்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் அடுக்கை நாளிதழாலும் மறு அடுக்கைப் பழுப்பு நிறத் தாளாலும் ஒட்டினால், எங்கே விடுபட்டது என்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பேரேட்டில் பற்றையும் வரவையும் வேறு வேறு மையில் எழுதிப் பழகிய எனக்கு இம்முறை மிகவும் பிடித்துப்போயிற்று. நடுவே ஓர் அடுக்கு பழைய வேட்டித்துணியாக இருந்தால் முகமூடி கீழே விழுந்தாலும் உடையாது. முதலில் நிழலிலும் பின்பு இளவெயிலிலும் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு உச்சி வெயிலில் வைத்தால் கோணிக்கொள்ளும்.

நன்கு உலர்ந்ததும் மண்ணிலிருந்து கழற்றி, விளிம்பை வெட்டிச் சீர்செய்து, உட்புறம் மெல்லிய பருத்தித்துணியை ஒட்டுவார்கள். வியர்வையை அது உறிஞ்சும். கண்துளையும் மூக்குத்துளையும் பெரிதாக இருக்கட்டும். மூக்குக்குக் கீழே வாய்ப்பகுதியைத் திறந்தே விட்டு, மேல் தாடையோடு முகமூடியை முடிப்பது எல்லாவற்றிலும் மேலானது. தாராளமாக மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம், காணிக்கை தந்தவரை வாய்திறந்து வாழ்த்தலாம். கீழ்த்தாடைக்கு வண்ணம் மட்டும் போதும். மேற்பூச்சாகச் சுண்ணக்கட்டித் தூளைப் பசையில் குழைத்துத் தடவி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால் வண்ணம் வழுவழுப்பாகப் பிடிக்கும். பிடரிமயிருக்குச் சணலைப் பிரித்து, மஞ்சளும் பழுப்புமாகச் சாயமிட்டு, துணிப்பட்டையில் வரிசையாக முடிந்து முகமூடியின் விளிம்பில் தைக்க வேண்டும்.

பாரத தேசமெங்கும் இக்கலை

இது தென்கோடிக் கடற்கரைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் சரிதா என்னும் சிற்றூர், சௌ நடனத்துக்கான முகமூடிகளுக்குப் பெயர் பெற்றது. அங்கும் களிமண் அச்சு, சாம்பல், காகித அடுக்கு, துணி என இதே வரிசைதான். அவர்கள் பெரிதும் விரும்பி ஆடுவதும் மகிஷாசுரமர்த்தினியின் கதையே. அன்னையின் சிங்கமும் எருமைத்தலை அசுரனும் அங்கும் வீதிக்கு வருகின்றனர். அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா நதியின் நடுவிலுள்ள மாஜுலித் தீவில், ஸ்ரீமந்த சங்கரதேவர் தொடங்கிவைத்த பக்தி நாடகங்களுக்காக மூங்கிலைப் பின்னிக் கூடு செய்து, அதன்மேல் மண் தோய்த்த துணியைப் போர்த்தி, மண்ணும் சாணமும் பூசி, நரசிம்மர், ஜடாயு, பூதனை ஆகியோரின் முகங்களை வடிக்கின்றனர். மாஜுலி முகமூடிக்கு 2024ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நிகழும் பாகவத மேளாவில், பிரகலாத சரித்திரத்தில் அணியப்படும் நரசிம்மரின் திருமுகம் பூஜைக்குரியதாகப் போற்றப்படுகிறது. அதை அணிபவர் விரதமிருந்தே அணிகிறார். வட மாவட்டங்களின் தெருக்கூத்துக் கலைஞர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கனமற்ற மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் பதித்து ஒளிரச் செய்கின்றனர். மொழியும் பொருளும் மாறினாலும், தெய்வத்தின் கதைக்குள் நுழையும் மனிதன் அதற்கான வாசலைத் தன் கையாலேயே செய்துகொள்கிறான்.

கவனிக்க வேண்டியவை

பக்தியோடு எச்சரிக்கையும் வேண்டும். சணல், தேங்காய் நார், பஞ்சு யாவும் எளிதில் தீப்பற்றக் கூடியவை. தீச்சட்டி ஏந்தி வருவோர் அருகிலும், கற்பூர ஆரத்தி எடுக்கும் இடங்களிலும் வால், பிடரி உள்ள பிள்ளைகளை நெருங்க விடாதீர்கள். இரும்பாலான ஆயுதங்களைக் கொண்டுவரக் கூடாது என்பது விழாவின்போது காவல்துறை விதிக்கும் கட்டுப்பாடு. கதையையும் சூலத்தையும் அட்டையிலோ கனமற்ற மரத்திலோ செய்து, முனையை மழுக்கிவிடுங்கள்.

முகமூடி அணிந்தவருக்குப் பக்கவாட்டுப் பார்வை குறையும். சாலையைக் கடக்கும்போது அதை நெற்றிக்கு மேல் தூக்கிவிட வேண்டும். உடன் ஒருவர் கைப்பிடித்து நடக்க வேண்டும். முகத்தில் பூசும் வண்ணத்தை முந்தைய நாளே முழங்கையின் உட்புறம் சிறிது தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ கண்டால் தவிர்த்துவிடலாம். பூசுமுன் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் கலைப்பது எளிது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்பவர்கள் விரதத்தைத் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது கட்டாயம். உடலை வருத்தி நோயை வரவழைத்துக்கொள்ளும்படி எந்தத் தாயும் பிள்ளையிடம் கேட்பதில்லை.

காப்புக் களைந்து விழா முடிந்தபின் வாலையும் முகமூடியையும் வெயிலில் ஒரு நாள் காயவைத்து, வசம்புத் துண்டுகளோடு பருத்தித்துணியில் சுற்றி, ஈரம் படாத உயரத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு கொஞ்சம் செப்பனிட்டால் போதும். பிள்ளை வளர்ந்துவிட்டால் பட்டையை நீட்டிக்கொள்ளலாம். அல்லது வேண்டுதல் உள்ள மற்றொரு பிள்ளைக்கு வழங்கலாம்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம் வயதினர் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு. முன்பு மலையேறினோம், பால்குடம் எடுத்தோம், பாதயாத்திரை சென்றோம். இப்போது கோயில் படியேறவும் துணை வேண்டியிருக்கிறது, அன்னைக்கு இனி நாம் என்ன செய்ய இயலும் என்று ஏங்குகிறோம். தொலைக்காட்சியில் சம்ஹாரத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம்.

பூத்தொடுத்தலும் திருவலகிடுதலும் மெழுகுதலும் திருத்தொண்டாகவே நம் சமயத்தில் போற்றப்பட்டிருக்கின்றன. பூவைத் தொடுத்தவர் அதைச் சாத்தும் அர்ச்சகராக இருக்க வேண்டியதில்லை. தொடுத்த நாழிகையிலேயே அவருடைய வழிபாடு நிறைவேறிவிட்டது. வேடம் தைப்பதும் அத்தகையதே. உங்கள் பேரன் பள்ளி விழாவுக்காக அனுமனாக வேண்டும் என்று கேட்டாலும் சரி, குடும்பத்தில் ஒருவர் குலசைக்கு மாலை அணிந்தாலும் சரி, கடைக்குச் செல்லுமுன் வீட்டிலுள்ள பழைய வேட்டியை எடுத்து விரியுங்கள். பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர்கள் காகிதத்தைக் கிழிக்கட்டும், நீங்கள் ஒட்டுங்கள். ஒட்டிக்கொண்டே, மகிஷன் யார், அவனை அன்னை ஏன் வதைத்தாள், கடலைத் தாண்டிய அனுமன் தன் பலத்தை மறந்திருந்தது எப்படி என்பதையெல்லாம் சொல்லுங்கள். ஓரிடத்தில் பத்து நிமிடம் அமராத பிள்ளைகளும், கையில் பசை ஒட்டியிருக்கும்போது கதை கேட்பார்கள். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

செய்த முகம் கடைப்பொருளைப் போல மினுங்காது. ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் இருக்கலாம். அதனால் என்ன? பத்து நாள் அன்னையின் நினைவோடு ஒரு குடும்பம் கூடி அமர்ந்து செய்த முகம் அது. எட்டு அடுக்குக் காகிதத்துக்கும் இடையே அந்தப் பத்து நாள்கள் உலர்ந்து இறுகியிருக்கின்றன. நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. புளியங்கொட்டையை இன்றே சேர்த்து வையுங்கள்.